மூன்றாவது துளை

ஸ்பீக்கரில் பாட்டு ஓடாதபோது வரும் சத்தங்களை மூன்றாகப் பிரிக்கலாம். தூரத்தில் மழை பெய்வதுபோல ‘ஸ்ஸ்’ என்று சீராக வருவது ஹிஸ். அது ஆம்ப்ளிஃபையரின் பாகங்களிலும் டேப்பின் காந்தத் துகள்களிலும் பிறப்பது. முழுசாக ஒழிக்க முடியாது. ‘ம்ம்ம்’ என்று அடிவயிற்றிலிருந்து வருவது ஹம். அது கரண்டின் குரல். டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல ‘ஜ்ர்ர்’ என்று வருவது பஸ். மலிவான எல்.இ.டி. பல்பு, சார்ஜர், ஃபேன் ரெகுலேட்டர் இவையெல்லாம் மின்னலையைக் கடித்துத் துப்புவதால் வருவது. இருமலைக் கேட்டே டாக்டர் பாதி யூகிப்பதுபோல, எந்தச் சத்தம் என்று சரியாகக் கேட்டால் பாதி வேலை முடிந்தது.

அப்பா இந்த மூன்றுக்கும் வேறு பெயர்கள் வைத்திருந்தார். இரைச்சல், எர்த், கொசு. செய்யாறு பக்கம் ஒரு ஊரில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ரேடியோ செட் வைத்திருந்தவர் அவர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், திரௌபதி அம்மன் திருவிழா எதுவானாலும் குழாய் ஸ்பீக்கரும் ட்யூப்லைட்டும் கட்டுவார். படிப்பு எட்டாம் வகுப்பு. ஆனால் ஸ்பீக்கர் கம்பத்துக்குக் கீழே நின்றுகொண்டே, எந்த வயர் விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். “சத்தத்த உடனே நிறுத்தப் பாக்காத பாப்பா. அது இன்னா சொல்லுதுன்னு மொதல்ல கேளு” என்பது அவருடைய தொழில் ரகசியம். நான் டிப்ளமோ முடித்து எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து எட்டு வருடமாகிறது. இதைவிட நல்ல பாடம் எனக்கு யாரும் எடுத்ததில்லை.

நான் இருப்பது சுங்குவார்சத்திரத்தில். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவில் உள்ள ஊர். 2024 செப்டம்பர், அக்டோபரில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் நடத்திய வேலைநிறுத்தம் வழியாகச் செய்தி படிப்பவர்களுக்கு இந்தப் பெயர் பழகியிருக்கும். இங்கே குடியிருப்பவர்களுக்கு இது கம்பெனி பஸ்களின் ஊர். மூன்று ஷிஃப்டுக்கும் பஸ் போகும், வரும். நெல் விளைந்த இடங்களில் லைன் வீடுகள் எழும்பிவிட்டன. ஒரு நீள வராண்டா, அதில் எட்டு கதவு, கடைசியில் தண்ணீர்த் தொட்டி. நானும் தங்கச்சியும் இருப்பது அப்படி ஒரு எட்டுக் கதவு வீட்டில், ஐந்தாவது கதவு. ஒரு போர்ஷனில் ஒடிசாவிலிருந்து வந்த ஐந்து பையன்கள். இரண்டு போர்ஷன்களில் திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துப் பெண்கள். மற்றவை குடும்பங்கள்.

*

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பரண்மேல் இருந்த தகரப்பெட்டியை அப்பா இறக்கிக் கொடுத்தார். உள்ளே 41 கேசட்டுகள். 1993-லிருந்து 2001 வரை திருவிழாக்களில் அவரே பதிவு செய்த தெருக்கூத்து. ‘கர்ண மோட்சம் – 1’, ‘கர்ண மோட்சம் – 3’ என்று பச்சை மையில் எழுதியிருந்தார். 2 இல்லை. கூத்து இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை போகும். முழுசாகப் பதிவு செய்ய 90 நிமிட கேசட் ஐந்தாறு வேண்டும். அவரிடம் பெரும்பாலும் மூன்றுதான் இருந்திருக்கும். எதை எடுப்பது, எதை விடுவது என்று கூத்து நடக்கும்போதே தீர்மானித்திருக்கிறார். பாடியவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. கேசட்டும் நிரந்தரமில்லை. பூஞ்சை பிடித்தாலோ பூச்சு உதிர்ந்தாலோ போனது போனதுதான். வாரத்தில் எனக்கு ஒரு நாள் ஓய்வு. ஓய்வு நாளுக்கு இரண்டு கேசட் என்று கணக்குப் போட்டு, அப்பாவின் டேப் டெக்கையும் ஆம்ப்ளிஃபையரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

டெக்கிலிருந்து ஒரு வயர் ஆம்ப்ளிஃபையருக்கு. இன்னொரு வயர் சின்ன யு.எஸ்.பி. பெட்டி வழியாக லேப்டாப்புக்கு. ஸ்விட்ச் போட்டேன். கேசட்டே போடவில்லை, ‘ம்ம்ம்’ என்று வந்துவிட்டது.

இதை ஏன் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்று தங்கச்சி கேட்டாள். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் வினாடிக்கு 50 அலை அடிக்கிறது. அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளான 100, 150, 200 ஆகியவையும் சேர்ந்ததுதான் ஹம். ஹார்மோனியத்தில் தேடினால் அது எந்தக் கட்டையிலும் உட்காராது. 5 கட்டைக்கும் 5½ கட்டைக்கும் நடுவில் நிற்கும். கூத்துக்காரர்கள் சுருதியை ஏற்றி வைத்துப் பாடுபவர்கள். ஐந்தரைக் கட்டையில் ஒருவர் விருத்தம் இழுக்கும்போது, அடியில் ஒரு தப்பான சுருதிப்பெட்டி நிறுத்தாமல் ஓடினால் எப்படி இருக்கும்? பாட்டு காதில் விழாது, இரண்டுக்கும் நடக்கும் சண்டைதான் விழும். பிறகு கம்ப்யூட்டரில் ஹம்மை நீக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் மிருதங்கத்தின் தொப்பி பேசுவதும் அதே இடத்தில்தான். ஹம்மைச் சீவும் கத்தி அதையும் சீவும். உள்ளே வருவதற்கு முன்பே வாசலில் தடுப்பதுதான் சரி.

*

இரைச்சலைத் தேடுவதற்கு ஒரே முறைதான் உண்டு. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக மறுபடி மாட்ட வேண்டும். இரண்டு மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்யக் கூடாது.

முதலில் ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் மட்டும். காதை ஸ்பீக்கரில் ஒட்டினால்தான் லேசான ஹிஸ். பழைய ஆம்ப்ளிஃபையரில் பவர் சப்ளை கெப்பாசிட்டர் காய்ந்துபோயிருந்தால் இந்த நிலையிலேயே 100 ஹெர்ட்ஸ் ஹம் வந்திருக்கும்; வால்யூமைக் குறைத்தாலும் அது குறையாது. அது இல்லை, ஆகவே ஆம்ப்ளிஃபையர் நலம். அடுத்து வயரை மட்டும் மாட்டி, அதன் மறுமுனையை ஷார்ட் செய்து பார்த்தேன். அமைதி. வயரும் நலம்.

மூன்றாவது, டெக். லேசான ஹம் எட்டிப் பார்த்தது. டெக்கை ஆம்ப்ளிஃபையர் மேலேயே வைத்திருந்தோம், வேறு இடமில்லை. டேப் ஹெட்டிலிருந்து வரும் சிக்னல் ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் அந்த ஹெட்டுக்குள் நேராகப் போய்ப் பேசும். போனில் அப்பாவிடம் சொன்னேன். “டெக்க ஆம்ப் தலைமேல குந்த வெக்காத, மூணு அடி தள்ளி வெய்யி, இல்ல திருப்பி வெய்யி” என்றார். துணி அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்து அங்கே வைத்தோம். போயிற்று.

நான்காவது, லேப்டாப். மாட்டியதும் முழு ஹம்மும் திரும்பி வந்தது. சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓடவிட்டேன். பாதிக்கு மேல் குறைந்தது. மீதி அப்படியே நின்றது. ஆம்ப்ளிஃபையரை எங்கேயோ தள்ளி வைக்கலாம் என்று அதன் உலோக உடம்பில் கை வைத்தபோதுதான் அது நடந்தது. ஹம் இறங்கியது. கையை எடுத்தால் ஏறியது. வைத்தால் இறங்கியது. விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல ஒரு சுர்ர்.

இதைப் படிப்பவர்களில் சிலர் வீட்டில் இதைப் பார்த்திருப்பீர்கள். கிட்டார் வாசிப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். கையை வைத்தால் ஹம் குறைகிறது என்றால், அந்தக் கருவி தேடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று உங்கள் கை வழியாகக் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அது தேடியது தரை. சுவரில் உள்ள மூன்றாவது துளை தர வேண்டிய தரையை என் உடம்பு கொடுத்துக்கொண்டிருந்தது.

கம்பெனியில் லைனுக்குள் போகுமுன் ஒரு தட்டில் ஏறி நிற்போம். காலில் ஹீல் ஸ்ட்ராப், மணிக்கட்டில் ரிஸ்ட் ஸ்ட்ராப். பச்சை விளக்கு எரிந்தால்தான் கதவு திறக்கும். அந்த ஸ்ட்ராப் வயருக்குள் 10 லட்சம் ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். உடம்பில் சேரும் நிலைமின்னூட்டத்தை மெதுவாகத் தரைக்கு இறக்குவது அதன் வேலை. தப்பித்தவறி எங்காவது கரண்ட் பட்டாலும் பெரிய மின்னோட்டம் உடம்பில் பாயாமல் அது தடுக்கும். 100 வோல்ட் நிலைமின் போதும், சில சிப்புகள் செத்துப்போகும். மனிதத் தோல் அதை உணரவே ஏறக்குறைய 3,000 வோல்ட் ஆக வேண்டும். அதாவது எனக்குத் தெரியாமலேயே நான் ஒரு சிப்பைக் கொன்றுவிட முடியும். அதனால் எட்டு மணி நேரமும் என்னைத் தரையோடு கட்டி வைக்கிறார்கள். அது தேவையான ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு அலமாரி முன்னால் நின்றபோது, எட்டு மணி நேரம் தரையோடு கட்டப்பட்ட உடம்பு மீதி நேரம் எந்தத் தரையும் இல்லாத வீட்டில் இருக்கிறது என்பது உறைத்தது.

*

மல்ட்டிமீட்டரை எடுத்துப் பார்த்தேன். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 229 வோல்ட், சரி. எர்த் ஒழுங்காக இருந்தால் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் கிட்டத்தட்ட அதே அளவு இருக்க வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் ஓரிரண்டு வோல்ட்தான் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 120 சொச்சம். எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நூறைத் தாண்டி. எண்கள் நிற்காமல் ஆடின. எர்த் என்று பெயர் வைத்த வயர் எதிலும் கட்டப்படாமல் நடுவில் மிதக்கிறது.

மிதக்கும் வயருக்கு நூறு வோல்ட் எங்கிருந்து வந்தது? லேப்டாப் சார்ஜர் போன்றவற்றுக்குள் சிறிய கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. அவை உள்ளே உருவாகும் மின் குப்பையை எர்த் வயருக்குத் தள்ளிவிடும். வீட்டுக் குப்பையைத் தெருத் தொட்டியில் போடுவதுபோல. தொட்டி இல்லாவிட்டால் குப்பை தெருவில் கிடக்கும். இங்கே தெரு என்பது எர்த் வயர், அதிலிருந்து ஆம்ப்ளிஃபையரின் உலோகப் பெட்டி, அதிலிருந்து ஆடியோ வயரின் மேலுறை. அந்த மேலுறையில் ஓடும் சின்னஞ்சிறு கரண்டைத்தான் ஆம்ப்ளிஃபையர் பாட்டு என்று நினைத்துப் பெருக்கிக் கொடுக்கிறது.

எலக்ட்ரிக்கல் கடையில் விசாரித்தேன். கடைக்காரர் சிரித்தார். “சிஸ்டர், மூணாவது பின்ன ஒடிச்சு உட்ருங்க. ரெண்டு நிமிஷ வேலை. எல்லாரும் அதான் பண்றாங்க.” அவர் சொன்னது பொய்யில்லை. பின்னை ஒடித்தால் தெரு மூடப்படும், ஹம் குறையும். மேடைக் கச்சேரிகளில்கூட இந்த வைத்தியம் நடக்கிறது. ஆனால் அந்தப் பின் சத்தத்துக்காக வைத்ததில்லை. கருவிக்குள் ஃபேஸ் வயர் தேய்ந்து உலோக உடம்பில் பட்டுவிட்டால், எர்த் வழியாக ஒரேயடியாகப் பெரிய கரண்ட் பாய்ந்து ஃபியூஸ் போகவோ பிரேக்கர் விழவோ வேண்டும். எர்த் இல்லையென்றால் எதுவும் விழாது. அந்த உடம்பு 230 வோல்ட்டோடு ஒரு கைக்காகக் காத்திருக்கும்.

ஆடியோவுக்கு மட்டும் மருந்து வேண்டுமென்றால் இருக்கிறது. தொலைபேசி வந்த புதிதில் ஒரே ஒரு கம்பி இழுத்து, திரும்பும் வழிக்குத் தரையையே பயன்படுத்தினார்கள். மின்சார டிராமும் அதே தரையைப் பயன்படுத்தத் தொடங்கியபோது டிராம் ஓடுவது போனில் கேட்டது. இரண்டாவது கம்பி போட்டு, தரையை விட்டு விலகிய பிறகுதான் அது அடங்கியது. மேடை மைக் வயர்கள் இன்றும் அந்த முறைதான். இரண்டு கம்பியிலும் ஒரே அளவு இரைச்சல் ஏறும், முடிவில் ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளும். வீட்டு ஆடியோவில் இரண்டு கருவிகளுக்கு நடுவில் சின்ன ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். சிக்னல் காந்தம் வழியாகத் தாண்டும், எர்த் தாண்டாது. சில நூறு ரூபாய்தான். வாங்குகிற எண்ணத்தில்தான் இருந்தேன். அதற்குள் அந்த மீதி ஹம் வேறொரு விஷயத்தைச் சொல்லத் தொடங்கியது.

அது சீராக இல்லை. திடீரென்று ஏறும், பத்துப் பன்னிரண்டு நிமிடம் நிற்கும், ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு இறங்கும், அப்புறம் மறுபடி ஏறும். இரண்டு ஓய்வு நாட்கள் நோட்டில் மணி எழுதினேன். எங்கள் வீட்டில் அப்படி நின்று நின்று ஓடும் கருவி எதுவும் இல்லை. ஆறாவது கதவு அக்கா வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கிறது. அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டேன், தங்கச்சி உள்ளே ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றாள். கம்ப்ரசர் ஓடத் தொடங்கியபோது கை தூக்கினேன். அதே நொடியில் தங்கச்சி உள்ளேயிருந்து “ஏறிடுச்சு” என்று கத்தினாள்.

அக்காவிடம் கேட்டேன். “ஆமாம்மா, தொட்டா சுர்ருங்கும். மழைநாள்ல ஜாஸ்தி. நாங்க செருப்பு போட்டுட்டுதான் தொறப்போம்” என்றார். ஃப்ரிட்ஜுக்கு முன்னால் ரப்பர் மேட் போட்டிருந்தார்கள். அவருடைய பையனுக்கு நாலு வயது. கைப்பிடியில் பழைய துணி சுற்றியிருந்தது.

*

அன்று மாலை மீட்டர் போர்டைத் திறந்து பார்த்த எலக்ட்ரீஷியன் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. எட்டு வீட்டிலிருந்தும் எட்டு பச்சை வயர்கள் வந்தன. எட்டையும் ஒன்றாக முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அங்கிருந்து வெளியே போக வேண்டிய ஒன்பதாவது வயர் இல்லை. ஃபேஸுக்கும் அந்த முடிச்சுக்கும் இடையில் டெஸ்ட் லேம்ப் பிடித்தார். எரியவில்லை.

இதில் பயம் என்னவென்றால், எர்த்தே இல்லாத வீட்டைவிட இது மோசம். எர்த் வயரே இல்லாவிட்டால் ஒரு வீட்டுக் கோளாறு அந்த வீட்டோடு இருக்கும். இங்கே எட்டு வீடும் ஒரே முடிச்சில். ஆறாவது வீட்டு ஃப்ரிட்ஜில் கசிவது என் ஆம்ப்ளிஃபையரின் உடம்புக்கு வரும், ஒடிசா பையன்களின் இண்டக்‌ஷன் அடுப்புக்குப் போகும், கடைசி வீட்டு வாஷிங் மெஷினுக்குப் போகும். நாளைக்கு எங்காவது ஃபேஸ் வயர் நேராகவே பட்டுவிட்டால் எட்டு வீட்டு உலோகமும் ஒரே நேரத்தில் ஃபேஸ் ஆகிவிடும். பில்லில் தெரியாது, ஃபேனில் தெரியாது, டி.வி.யில் தெரியாது. ஸ்பீக்கரில் மட்டும் கேட்டது.

வீட்டு ஓனரிடம் நான்கு பேர் போய்ச் சொன்னோம். “ஃபேன் ஓடுது, டி.வி. ஓடுது, இத்தன வருஷமா யாரும் சொல்லல. பாட்டுப் பெட்டியில சத்தம் வருதுன்னு குழி தோண்டணுமா?” என்றார். அக்காதான் பேசினார். “பாட்டுப் பெட்டிக்கு இல்லீங்க. எம் புள்ள தொடுதுங்க.” கொஞ்சம் யோசித்தார். “தோண்டிக்கோங்க. வாடகையில கழிக்க மாட்டேன்.”

ஆளுக்கு 600 ரூபாய் போட்டோம். தண்ணீர்த் தொட்டி வழிந்து எப்போதும் ஈரமாக இருக்கும் மூலையில் ஒடிசா பையன்கள் குழி தோண்டினார்கள். “தீதி, இதுக்குள்ள என்ன வைக்கப் போறீங்க, செடியா?” என்று ஒருவன் கேட்டான். இரண்டரை மீட்டர் ஜி.ஐ. குழாய், அதைச் சுற்றி ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு உப்பு, மறுபடி கரி. எர்த்திங்குக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 3043 சொல்லும் குழாய் முறையும் ஏறக்குறைய இதுதான். கரி ஈரத்தைப் பிடித்துவைக்கும், உப்பு அந்த ஈரத்தில் கரைந்து மின்தடையைக் குறைக்கும். அப்பா திருவிழாக்களில் ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில் இரும்புக் கம்பி அடித்து, ஹம் எடுத்தால் அதன் அடியில் ஒரு சொம்பு உப்புத் தண்ணீர் ஊற்றச் சொல்வார். பாட்டு நடுவில் நிற்கும், சொம்பு ஓடும், சத்தம் அடங்கும். சின்ன வயதில் அது எனக்கு ஏதோ சாங்கியம் மாதிரி இருந்தது.

ஒன்பதாவது வயரைக் கட்டிய பிறகு டெஸ்ட் லேம்ப் பளிச்சென்று எரிந்தது. மீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 228, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றரை. எங்கள் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டோம். போன கரண்டும் திரும்பிய கரண்டும் அந்த அளவு வித்தியாசப்பட்டால் அது தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். அக்கா வீட்டில் ஃப்ரிட்ஜ் ஸ்விட்சைப் போட்டதும் ‘டப்’ என்று விழுந்தது. மூன்று முறை போட்டார்கள், மூன்று முறையும் விழுந்தது. மெக்கானிக் வந்து ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தைக் கழற்றினார். கம்ப்ரசருக்குப் போகும் வயரை எலி கடித்து, செம்பு வெளியே தெரிந்தது. ஈரத்தூசி வழியாக அது இத்தனை நாளாக உடம்புக்குக் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. இன்னும் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால் கசிவாக இருந்திருக்காது. அடுத்த வாரம் ஓனர், அந்த எலக்ட்ரீஷியன் அண்ணனைத் தன் சொந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

*

ஹம் இப்போது அநேகமாகப் போய்விட்டது. மீதிக்குப் பெரிய வேலை இல்லை. எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டினேன். வேறு வேறு பிளக் பாயிண்ட்டில் மாட்டினால் இரண்டு எர்த் வழிகள் சேர்ந்து ஒரு வளையமாகும். அந்த வளையம் சுற்றியுள்ள காந்தப்புலத்தையெல்லாம் ஆன்டெனா மாதிரி வாங்கும். எர்த் லூப் என்பது அதுதான். பதிவு செய்யும்போது லேப்டாப் பேட்டரியில். ஆடியோ வயரும் பவர் வயரும் ஒட்டிப் போகாமல், சந்திக்க வேண்டிய இடத்தில் குறுக்காக. செல்போன் அடுத்த அறையில். சிக்னல் தேடும்போது அது ஸ்பீக்கரில் போடும் ‘டிக்டிக் டிக்டிக்’ எல்லோருக்கும் தெரிந்ததே. வால்யூமை முழுசாகத் திருப்பினேன். லேசான ஹிஸ், அவ்வளவுதான்.

‘கர்ண மோட்சம் – 1’ போட்டேன். கேசட்டின் தொடக்கத்தில் பூச்சு இல்லாத பிளாஸ்டிக் பட்டை சில வினாடி ஓடும். அமைதி. அப்புறம் டேப் தொடங்கியது. ‘ம்ம்ம்’.

ஒரு நிமிடம் கை கால் ஓடவில்லை. ஸ்டாப் அழுத்தினேன், நின்றது. மறுபடி பிளே, வந்தது. இந்த ஹம் வீட்டிலிருந்து வரவில்லை. டேப்பிலேயே இருந்தது.

லேப்டாப்பில் அதை ஸ்பெக்ட்ரோகிராமாக விரித்துப் பார்த்தேன். நேரம் இடமிருந்து வலமாகவும் சுருதி கீழிருந்து மேலாகவும் போகும் படம் அது. வீட்டு ஹம் இந்தப் படத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல இருக்கும். டேப்பின் ஹம் அப்படி இல்லை. 48-க்குப் பக்கத்தில் அலைந்தது, ஓரிடத்தில் 46-க்குச் சரிந்தது, மெதுவாக ஏறியது. டேப்பின் வேகம் குறைந்ததோ என்று பார்க்க ஒரு வழி இருந்தது. வேகம் குறைந்திருந்தால் ஹார்மோனியமும் கூடவே இறங்கியிருக்க வேண்டும். ஹார்மோனியத்தின் கோடு அசையவே இல்லை. ஆக இறங்கியது கரண்ட் மட்டும்.

அப்பாவிடம் போனில் சொன்னேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “அது ஜெனரேட்டர் பாப்பா. கர்ணன் வர்ற நேரத்துக்கு எல்லா ட்யூப்லைட்டும் போடச் சொல்வாங்க. போட்டா எஞ்சின் அமுங்கும். ஆம்புல சத்தம் எறங்குச்சின்னா எஞ்சின் தெணறுதுன்னு அர்த்தம். நான் பையனுக்குக் கை காட்டுவேன், அவன் த்ராட்டில ஏத்துவான்.” படத்தில் சரிந்த கோடு ஏறத் தொடங்கும் இடம் அதுதான். பந்தலுக்குப் பின்னால் தூக்கக் கலக்கத்தில் இருந்த ஒரு பையன், அப்பாவின் கையைப் பார்த்து எழுந்த நொடி.

ஹம் இப்படிச் சாட்சி சொல்வது புதிதில்லை. மின்தொகுப்பின் அதிர்வெண் 50-லேயே நிற்பதில்லை, மிகச் சிறிய அளவில் நொடிக்கு நொடி அலைகிறது. அந்த அலைச்சல் அந்தத் தொகுப்பில் இருக்கும் எல்லா ஊரிலும் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஒருமுறை போல் மறுமுறை வராது. ஒரு பதிவில் கலந்திருக்கும் ஹம்மை அந்த அலைச்சலோடு ஒப்பிட்டால், அது எப்போது பதிவானது, நடுவில் வெட்டி ஒட்டப்பட்டதா என்று சொல்லலாம். ருமேனியாவைச் சேர்ந்த கேட்டலின் கிரிகோராஸ் இதைத் தடயவியல் முறையாக வளர்த்தார். லண்டன் மாநகரக் காவல்துறை 2005 முதல் மின்சாரத்தின் ஹம்மை இடைவிடாமல் சேமித்து வருகிறது. நம் பக்கத்திலும் ஒரு தேதி உண்டு. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் தடம் வழியாகத் தென்னிந்திய மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதியோடு இணைந்தது. அன்றிலிருந்து சுங்குவார்சத்திரத்து ஸ்பீக்கரும் டெல்லி ஸ்பீக்கரும் ஒரே ஹம்மைத்தான் போடுகின்றன. அதற்கு முன்பு தெற்குக்குத் தனி ஹம். அப்பாவின் ஜெனரேட்டருக்கோ எந்தத் தொகுப்பும் இல்லை. அது அந்த ஒரு ஊரின் அந்த ஒரு இரவுக்கு மட்டும் சொந்தமான கரண்ட்.

நீக்கிப் பார்க்காமல் இல்லை. ஹம் அலைவதால் ஒரே இடத்தில் வெட்டும் ஃபில்டர் அதைப் பிடிக்கவில்லை. இரைச்சலைக் கற்றுக்கொண்டு நீக்கும் கருவியைப் போட்டால் ஹம் போயிற்று. கூடவே கட்டியங்காரன் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆனான், தூரத்தில் சிரித்த ஜனங்கள் காணாமல் போனார்கள். ஒரு பிரதியைக் கொஞ்சமாகச் சுத்தம் செய்து, கேட்பவர்களுக்காக வைத்திருக்கிறேன். மூலப் பிரதியில் கை வைக்கவில்லை.

இரண்டும் ஒரே ‘ம்ம்ம்’தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வித்தியாசம் சொல்வது கஷ்டம். ஒன்று, நாலு வயதுக் குழந்தை தொடும் ஃப்ரிட்ஜில் செம்பு தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதை ஃபில்டர் போட்டோ பின்னை ஒடித்தோ அடக்கியிருந்தால் பாட்டு சுத்தமாகக் கேட்டிருக்கும், வயர் அப்படியே இருந்திருக்கும். இன்னொன்று, ஒரு எஞ்சின் திணறியதையும் ஒருவர் அதைக் காதால் கவனித்ததையும் சொல்கிறது. எந்த ஹம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இரண்டையும் ஒரே பட்டனால் அழிப்பது இன்று ரொம்பச் சுலபம். எல்லா மென்பொருளிலும் அந்தப் பட்டன் இருக்கிறது.

இதுவரை 17 கேசட் முடிந்திருக்கிறது. ஒவ்வொரு ஃபைலோடும் ஒரு சிறு குறிப்பு சேர்த்து வைக்கிறேன். ஊர், வருடம், கூத்து, பாடியவர் யார் என்று அப்பாவுக்கு நினைவிருப்பது. ‘கர்ண மோட்சம் – 1’க்கான குறிப்பின் கடைசி வரி இது: “31ஆவது நிமிடத்தில் ஹம் இறங்கி ஏறும். ஜெனரேட்டர். நீக்க வேண்டாம்.”